எண்ணூறு என்று எழுதியிருந்தது

அத்தியாயம் 11

எண்ணூறு என்ற எண்ணைக் கேட்டாலே வெதூரியாவுக்குக் கொட்டாவி வந்தது. நான்கு நாட்களாக அதே எண்தான். நேற்று ராத்திரி கனவில்கூட யாரோ ஒரு ஆள் வந்து எண்ணூறு, எண்ணூறு என்று ஏலம் போட்டுவிட்டுப் போனான்.

திமிஷோவாராவில் நவம்பர் மழை விட்டபாடில்லை. இடது ஷூவுக்குள் தண்ணீர் ஏறிக் காலுறை சொதசொதத்தது. ஐம்பத்து மூன்று வயது அவளுக்கு. இருபத்திரண்டு வருடப் போலீஸ் உத்தியோகத்தையும் ஒரு புருஷனையும் ஒரே வருடத்தில் உதறிவிட்டு, துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டினாள். அன்றிலிருந்து அவள் கண்டுபிடித்த பெரிய உண்மை ஒன்றே ஒன்றுதான். உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் யாரும் சந்தோஷப்படுவதில்லை. காசு கொடுத்துக் கேட்டவன்கூட ஏன்தான் கேட்டோமோ என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான்.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஜெலு. அவளுடைய உதவியாளன். முன்பு டிராலிபஸ் ஓட்டியவன். பயணிகளிடம் வாயைக் கொடுத்தே வேலையைத் தொலைத்தவன். வேலை போயும் வாய் போகவில்லை.

"மேடம், எனக்கு இன்னொரு தடவ சொல்லுங்க. நான் தலைக்கு மேல கம்பி போற ரூட்டுலயே ஓட்டிப் பழகுனவன். கம்பியத் தாண்டி யோசனை போகாது."

வெதூரியா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"ஒதீலியான்னு ஒரு பொண்ணு. ஆத்து வெள்ளம் எப்படிப் பரவும்னு கணக்குப் போட்டு டாக்டர் பட்டம் வாங்கப் போறா. கணக்குப் போடுற கம்ப்யூட்டர அவ கட்டிக்கப் போற சிப்ரியான் தன் கையாலயே சேர்த்துக் கொடுத்தான். செப்டம்பர் பன்னண்டு."

"ஓவர்கிளாக் பண்ணி."

"ஆமா. கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துக்கு மேல ப்ராசஸர கால் பங்கு ஏத்தி. அக்டோபர் மூணு வரைக்கும் வந்த விடையெல்லாம் சரி. அதுக்கப்புறம் வந்தத யுனிவர்சிட்டியில மறுபடி போட்டுப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. மெஷின செட்டப் திரையில தெறந்து பாத்திருக்காங்க. மெமரி வேகம் எண்ணூறுல நிக்குது. நான் 533லதான் வெச்சேன்கிறான் சிப்ரியான். வேகத்துக்கு ஆசைப்பட்டு நீயே ஏத்திட்டு இப்ப பொய் சொல்றேங்கிறா அவ."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. சர்ச்சு முடிஞ்சதும் மோதிரத்தத் திருப்பிக் கொடுக்கப் போறா."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்குற?"

"நீங்க தூங்கிடக் கூடாதுல்ல. நீங்க தூங்குனா நான் தூங்கிடுவேன். நான் தூங்குனா கார் பேகா ஆத்துல போய்த்தான் முழிக்கும்."

அவர்களை அமர்த்தியது ஒதீலியாவின் அப்பா ரோமுலுஸ். மனைவியை இழந்தவர். ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் டை கட்டிக்கொண்டு இருப்பவர். ப்ராசஸரை விரட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், அதைச் செய்தவன் சிப்ரியான் என்று கையெழுத்தும் முத்திரையுமாக ஓர் அறிக்கை வேண்டும் அவருக்கு. வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் வெதூரியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விஷயம். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை மூடும் திருகில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"நெயில் பாலிஷ்," என்று ஜெலு அன்றே தீர்ப்பு எழுதிவிட்டான். "பொம்பள வேலை."

"அந்தப் பொண்ணு நகத்துக்கு எதுவும் போடறதில்ல."

"அப்ப மெஷினுக்கு அம்மை போட்டிருக்கும்."

சிப்ரியான் தன் பங்குக்கு ஒரு போட்டோவைக் கொடுத்திருந்தான். ஓவர்கிளாக் செய்கிற கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினைக் கட்டி முடித்ததும் திரையைப் படம் பிடித்து இணைய மன்றத்தில் போட்டுவிடுவார்கள். படம் இல்லாமல் பேசுகிறவனை அங்கே நாய்கூட மதிக்காது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி போட்ட படத்தில் மெமரி வேகம் 533 என்று பளிச்சென்று இருந்தது. 'அன்னிக்கு அப்படி இருந்துச்சு, அப்புறம் ஏத்தியிருக்கலாமே' என்று அதையும் ஒரே வரியில் தள்ளிவிட்டார் ரோமுலுஸ்.

ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே ஒருவன் கேலி எழுதியிருந்தான். அவன் பெயர் ஹோரியா. அக்டோபர் மூன்றாம் தேதி ஒதீலியா வீட்டுக்கு வந்துபோன ஒரே வெளியாளும் அவன்தான். அவனைப் பார்க்கத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தார்கள்.

*

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் ஹோரியா தனியாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கீபோர்டுக்குப் பக்கத்தில் உமி ஒரு குன்றாகக் குவிந்திருந்தது. ஒதீலியாவோடு ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்பவன். போன வருடம் புக்கரெஸ்ட் ஓவர்கிளாக் போட்டியில் சிப்ரியானிடம் தோற்றவன். ஒதீலியா விஷயத்திலும் அவனிடமே தோற்றவன் என்று ஆய்வுக்கூடத்தில் பேச்சு. ஒருவனைச் சந்தேகப்பட இது தாராளம்.

"போலீஸா?" என்றான்.

"முன்னாடி," என்றாள் வெதூரியா.

"இப்ப?"

"இப்ப களைப்பு," என்றான் ஜெலு, மிச்சமிருந்த ஒரே நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டபடி.

"அக்டோபர் மூணாம் தேதி ஒதீலியா வீட்டுக்கு எதுக்குப் போன தம்பி?"

"ஃபைல் காப்பி பண்ண. அவதான் வரச் சொன்னா."

"அவ கம்ப்யூட்டர தொட்டியா?"

"தொடாம எப்படி மேடம்? கண்ணால மொறைச்சுப் பாத்தா காப்பி ஆகாது."

ஜெலுவுக்கு வயிறெரிந்தது. அது அவன் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

வெதூரியா ஈரப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். மன்றத்தில் வந்த படம். கீழே ஹோரியாவின் கேலி. '533-ஆ? பயந்தாங்கொள்ளி. எந்தத் தாத்தாவுக்கு மெஷின் கட்டுற?'

"இத எழுதினது நீதானே?"

"நான்தான். இந்த விஷயத்துல அவன் எப்பவும் கோழை."

"சரி. எனக்கு ஒரு உதவி பண்ணு." மேஜைமேல் பெட்டியில்லாமல் அம்மணமாகக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினாள். "ஒதீலியாவோட மெஷினும் இதே மாதிரின்னு சிப்ரியான் சொன்னான். எல்லாத்தையும் கம்பெனி வெச்ச நிலைக்குக் கொண்டு வா. அப்புறம் எனக்காக ப்ராசஸர கால் பங்கு ஏத்து. நான் பாக்கணும்."

ஹோரியா தோளைக் குலுக்கிவிட்டு மெஷினை அணைத்துப் போட்டான். நீலத் திரை வந்தது. வெதூரியா திரையைப் பார்க்கவில்லை. அவன் விரல்களைப் பார்த்தாள். விரல் கீழ் அம்புக்குறியைத் தட்டியது. ப்ராசஸர் வரியில் நிற்காமல் தாண்டிப் போனது. மெமரி வரியில் நின்றது. எண்ணூறு 667 ஆயிற்று, 667 என்பது 533 ஆயிற்று. பிறகுதான் மேலே ஏறி ப்ராசஸர் வரிக்கு வந்தது.

"நிறுத்து," என்றாள். "ப்ராசஸரத்தானே ஏத்தச் சொன்னேன்? மெமரிக்கு ஏன் போன?"

அவன் விழித்தான். தன் கை அங்கே போனதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"எல்லாரும் அப்படித்தான் மேடம். இது ரெண்டுக்கும் ஒரே பெல்ட்டு. அடிப்படை வேகத்த ஏத்துனா ப்ராசஸரும் ஏறும், மெமரியும் கூடவே ஏறும். இந்தத் திரையில காட்டுற எண்ணு ஏத்தாதப்ப இருக்கிற வேகம். 800னு விட்டுட்டு கால் பங்கு ஏத்துனா, இங்க 800னுதான் காட்டும். உள்ள ஓடுறது ஆயிரம்."

"அது தாங்காதா?"

"மெமரி துண்டு மேலயே 800னு ஒட்டியிருக்கு. ஆயிரத்துல ஓட்டுனா ஓடும். படமும் பாட்டும் ஓடும். ஆனா லட்சம் கணக்குல ஒண்ணு தப்பும். எது தப்புச்சுன்னு வாயத் தெறந்து சொல்லாது. அதுக்குத்தான் மொதல்லயே மெமரிய எறக்கிடறது. 533ல வெச்சா கால் பங்கு ஏறி அறுநூத்தி அறுபது சொச்சம். துண்டுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அப்புறம் மெஷின் நின்னா தப்பு ப்ராசஸர் மேலன்னு தெரிஞ்சிடும். ரெண்டையும் ஒண்ணா ஏத்துனா எவன் திருடன்னு தெரியாது. ஒரு நேரத்துல ஒருத்தனத்தான் சந்தேகப்படணும்."

வெதூரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய மேலதிகாரிகளில் ஒருவருக்கும் ஏறாத பாடம் இது. உமி துப்புகிற பையன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"அப்ப சிப்ரியான கோழைன்னு ஏன் எழுதின?"

"667ல வெச்சிருக்கலாம் மேடம். உள்ள எண்ணூத்தி முப்பது சொச்சம் ஓடும். நல்ல துண்டா இருந்தா தாங்கும். நான்னா அப்படித்தான் வெச்சிருப்பேன். அவன் இன்னும் ஒரு படி கீழ போயிட்டான். அவளோட கணக்குல ஒண்ணுகூடத் தப்பக் கூடாதாம். அதுக்காக வேகத்த விட்டுக் கொடுத்துட்டான்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி. நீ கெடுக்கணும்னு நெனச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"667," என்றான் யோசிக்காமல். "அதுக்கு மேல வோல்டேஜ ஒரு நூல் கொறச்சு விட்டுடுவேன். வாரத்துக்கு ஒரு தப்பு வரும். பட்டம் வாங்குற வரைக்கும் எவனும் கண்டுபிடிக்க முடியாது."

"நல்ல மனசு தம்பி உனக்கு," என்றான் ஜெலு. "திட்டம்கூட ரெடியா இருக்கு."

"பண்ணலையே. நெனச்சேன், பண்ணல." ஹோரியா காது சிவந்து போய் வெதூரியா பக்கம் திரும்பினான். "800 வெச்சவனுக்கு இதுல அ, ஆ கூடத் தெரியாது மேடம். பகைக்காரன் அப்படி வெக்க மாட்டான். துண்டு மேல ஒட்டியிருக்கிற லேபிளப் படிச்சவன்தான் வெப்பான்."

லேபிளைப் படிக்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியைத் திறந்து மூடியவன் திருகில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறான். செட்டப் திரையில் 533 என்று பார்த்தவன், எண்ணூறு என்று வாங்கியதை 533 ஆகக் கொடுத்து சிப்ரியான் ஏமாற்றிவிட்டான் என்று எண்ணியிருக்கிறான். வெதூரியாவுக்கு இது சட்டென்று விளங்கியது. விளங்கியதும் களைப்பு இரண்டு மடங்காயிற்று. எழுந்து கதவு வரை போய்த் திரும்பினாள்.

"அன்னிக்கு அவங்க வீட்டுல சாப்பிட்டியா?"

"சூப்பு கொடுத்தாங்க."

"ஒதீலியாவும் கூட உக்காந்தாளா?"

"இல்ல. அவ அடுப்படியில இருந்தா. அவங்க அப்பாதான் கூட உக்காந்தார்." ஒரு விதையை வாயில் போட்டான். கடிக்கவில்லை. "நான் பொய் எதுவும் சொல்லல மேடம்."

"என்ன சொன்ன?"

"மெமரி 800 சாமான், சிப்ரியான் அத 533ல வெச்சுத்தான் கொடுத்திருக்கான்னேன். அவ்வளவுதான்."

"ஏன் அப்படி வெச்சான்னும் உனக்குத் தெரியும். அத ஏன் சொல்லல?"

ஹோரியா உமிக் குன்றைப் பார்த்தபடி சொன்னான். "அவர் கேக்கல."

*

ஃபாப்ரிக் பேட்டையில் ரோமுலுஸின் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் வெதூரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், திரும்பிப் போயிடலாமா?" என்றான் ஜெலு. அவன் குரலில் கேலி இல்லை.

"போகலாம்னுதான் தோணுது," என்றாள். மேலே ஏறினாள்.

ரோமுலுஸ் கதவைத் திறந்தார். டை கட்டியிருந்தார். மேஜைமேல் காப்பியும், பேனாவும், ஒரு வெள்ளைத் தாளும் தயாராக இருந்தன.

"அறிக்கை தயாரா மேடம்? அஞ்சு மணிக்குப் பொண்ணு லைப்ரரியிலேர்ந்து வந்துடுவா. அவ கையில கொடுத்துடணும்."

வெதூரியா உட்கார்ந்தாள். ஜெலு உட்காரவில்லை. அவன் கண் அறையைச் சுற்றி வந்தது. காஸ் மீட்டரின் திருகில் ஒரு சிவப்புப் புள்ளி. ஹீட்டர் வால்வில் ஒன்று. காப்பி அரைக்கும் மிஷினின் பிடியில் ஒன்று. வியாழக்கிழமை இவர்கள் நேரே பெண்ணின் அறைக்குப் போய் நேரே திரும்பிவிட்டதால் கூடத்தில் எதுவும் கண்ணில் படவில்லை.

"ஐயா," என்றான் ஜெலு, "வீட்டுல எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கீங்களே."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "பாத்து, சரின்னு முடிச்சதுக்கு அடையாளம். பம்ப் ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷம் சரக்கு சோதிச்சவன் நான். என் சிவப்புப் புள்ளி இல்லாம ஒரு பெட்டி வாசல் தாண்டி உள்ள போனது கெடையாது. லேபிள்ல என்ன இருக்கோ அது உள்ள இருக்கணும். இல்லைன்னா வண்டியோட திருப்பி அனுப்பிடுவேன்."

"உங்க பொண்ணு கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு இருக்கு," என்றாள் வெதூரியா.

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மறைக்க அவருக்குத் தெரியவில்லை. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"ஆமா. என் வீட்டுக்குள்ள வந்த சாமான். நான்தான் சோதிச்சேன். கம்ப்யூட்டர் போர்டோட வந்த புத்தகத்த அகராதி வெச்சுப் படிச்சேன். மெமரி துண்டுல எழுதியிருக்கிறத பாத்து அந்த எண்ண போடுங்கன்னு அதுல இருக்கு. துண்டுல 800. உள்ள 533. மூணுல ஒரு பங்கு ஏமாத்து. என் பொண்ணையே ஏமாத்தியிருக்கான். நான் சரி பண்ணேன்."

"எப்ப?"

"அந்தப் பையன் வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி."

"அக்டோபர் மூணு," என்றான் ஜெலு மெல்ல.

வெதூரியா மேஜையில் கிடந்த செய்தித்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். பேனாவை எடுத்துக் கொடுத்தாள். "ப்ராசஸர கால் பங்கு ஏத்தினா மெமரியும் கூடவே கால் பங்கு ஏறும்யா. புத்தகம் ஏத்தாத மெஷினுக்கு எழுதினது. நீங்களே கணக்குப் போடுங்க. அவன் வெச்ச 533, அதுல கால் பங்கு."

அவர் ஓரத்தில் எழுதினார். ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குக் கணக்கெழுதிய கை நிதானமாக ஓடியது. "666."

"லேபிளுக்கு உள்ளதானே?"

"உள்ளதான்."

"நீங்க வெச்ச 800, அதுல கால் பங்கு."

எழுதினார். எழுதி முடித்தபின் பேனாவை எடுக்கவில்லை. ஆயிரத்தின் கடைசிப் பூஜ்யத்தின் மேலேயே பேனா நின்று, மை ஊறிப் பரவியது.

"லேபிள்ல எண்ணூறு," என்றார் கடைசியில். "ஓடுனது ஆயிரம். எங்க ஃபேக்டரிக்கு இப்படி ஒரு சரக்கு வந்திருந்தா, அனுப்பினவன உள்ளயே விட்டிருக்க மாட்டேன்."

ஜெலு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான்.

"தெரியாம செஞ்சது தப்பில்லைய்யா," என்றாள் வெதூரியா. "ஆனா நான் 533லதான் வெச்சேன்னு அந்தப் பையன் சொன்னப்ப, அவன் பொய் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுல அது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க."

"அவன் 533ன்னு சொன்னது, ஏமாத்தினத அவனே ஒத்துக்கிட்ட மாதிரி எனக்குப் பட்டுச்சு. 800 சரியான எண்ணு. சரியான எண்ணால எப்படிக் கெடும்? அவன் ப்ராசஸர ஏத்தினதாலதான் கெட்டிருக்கும்னு நெனச்சேன்."

"அத உங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் டையின் முடிச்சைத் தொட்டார். இறுக்கினாரா தளர்த்தினாரா என்று தெரியவில்லை.

"சொன்னா சண்டை தீர்ந்துடும்," என்றார். "தீர்ந்தா ஜனவரியில கல்யாணம். கல்யாணம் ஆனா இந்த வீட்டுல நான் யார்கூடப் பேசுவேன் மேடம்? எனக்கு அவன் கெட்டவனா இருந்தா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. முப்பத்தோரு வருஷம் குத்தம் கண்டுபிடிச்ச கண்ணு. தேடினா கெடைக்காமப் போகுமா?"

வெதூரியாவுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. பாவமாக இருந்தது. பாவப்பட்டுப் பாவப்பட்டே அலுத்துப் போயிருந்தது.

"காரணம் தெரியலைன்னு எழுதிக் கொடுங்க," என்றார் ரோமுலுஸ் தாழ்ந்த குரலில். "கையெழுத்து, முத்திரை கூட வேண்டாம். அவ அப்பன் செஞ்சான்னு மட்டும் வேண்டாம்."

எழுதிவிடலாம். ஒரு வரி. எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றி ஹீட்டரில் போட்டுவிட்டுப் படுக்கலாம். அவளுக்கு உண்மையாகவே அந்த ஆசை இருந்தது. ஜெலு ஜன்னலை விட்டுத் திரும்பி அவளையே பார்த்தான்.

"முடியாதுய்யா," என்றாள். "அப்படி எழுதினா நாளைக்கு ஒரு நல்ல பையன் பொய்யன்ங்கிற பேரோட வீட்டுக்குப் போவான். நான் அறிக்கையே எழுதல. தாள் உங்க முன்னாடிதான் இருக்கு. வாய் உங்ககிட்டதான் இருக்கு."

வாசலில் சாவி திரும்பியது.

ஒதீலியா குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். மெலிந்த, உயரமான பெண். சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருக்கும். மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறிக்கை வந்துடுச்சா? அவன்தானே?"

ரோமுலுஸ் எழுந்து நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அவன் இல்ல. நான்தான் மாத்தினேன். லேபிளப் பாத்து மாத்தினேன். தப்பா மாத்திட்டேன். அவன் வெச்சது சரி." மூச்சு வாங்கியது. "அவன் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

அவள் கத்துவாள் என்று ஜெலு எதிர்பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தான். அவள் கத்தவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"மூணாம் தேதிக்கு முன்னாடி போட்ட கணக்கெல்லாம் அப்ப சரி," என்றாள், யாரிடமும் இல்லாமல். படித்த பெண். முதலில் அதுதான் வந்தது. பிறகுதான் மற்றது வந்து சேர்ந்தது. முகம் மெல்ல மாறியது. "அப்பா, நீங்க மாத்தினது மெஷின்ல ஒரு எண்ண. திருப்பி மாத்திடலாம். நான் அவன் மூஞ்சிக்கு நேரா பொய்யன்னு சொன்னேன்பா. லேப்புல, பத்து பேர் முன்னாடி."

கைபேசியை எடுத்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. தன் அறைக்குள் போய்விட்டு வந்தாள். கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். பித்தான்கள் ஒன்றுக்கு ஒன்று மாறி விழுந்தன, அதைக் கவனிக்கவில்லை.

"கார் கீழ நிக்குது," என்றான் ஜெலு. "ஹீட்டர் மட்டும் கெடையாது. மத்தபடி எல்லாம் ஓட்டை."

*

சிப்ரியான் குடியிருந்தது ரயில்வே லைனுக்கு அப்பால், கீழ்த்தளத்தில் ஒரு அறை. மூன்று தடவை தட்டியபின் கதவு திறந்தது. வெதூரியா முன்னால் நின்றதால் அவளை மட்டும்தான் அவன் பார்த்தான்.

"இன்னும் என்ன மேடம்? எதுவா இருந்தாலும் கேளுங்க. என்கிட்ட பதில் அதே பதில்தான்."

கோபமில்லாத குரல். ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். வெதூரியா ஒதுங்கிக்கொண்டாள்.

ஒதீலியாவைப் பார்த்ததும் அவன் கதவைப் பிடித்திருந்த கை இறுகியது.

"அப்பா மாத்தியிருக்கார்," என்றாள் அவள். "நீ சொன்னது நெசம்."

"நெசம்னு எனக்குத் தெரியுமே."

"நான் நம்பியிருக்கணும்."

"ஆமா."

"இப்ப நம்புறேன் சிப்ரி."

"இப்ப யார் வேணாலும் நம்பலாம் ஒதீலியா."

தெருவில் டிராம் ஒன்று கடகடத்துக்கொண்டு போய் ஓய்ந்தது. பிறகு அவள் கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சின்ன உறையை எடுத்தாள். நாளைக்குக் கொடுப்பதற்காக ஏற்கெனவே ஒட்டி வைத்திருந்த உறை. அதை அவனிடம் நீட்டினாள்.

ஜெலு மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"மோதிரம்," என்றாள். "கோவத்துல கழட்டினேன். அத நானே எடுத்துப் போட்டுக்கிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். உன்கிட்டயே இருக்கட்டும். என்னை நம்பலாம்னு உனக்கு என்னிக்குத் தோணுதோ அன்னிக்குக் கொடு. தோணலைன்னா கொடுக்காத."

அவன் வாங்கிக்கொண்டான். பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவன்போல் நின்றான்.

"ரொம்ப நாள் ஆகும்னு நெனைக்கிறேன்," என்றான்.

"ஆகட்டும்."

அவன் அவளுடைய கோட்டைப் பார்த்தான். மாறிப்போன பித்தான்களை, நனைந்த தலையை, நடுங்குகிற தோளைப் பார்த்தான்.

"அதுவரைக்கும் வாசல்லயே நிக்கப் போறியா?" என்றான். "உள்ள வா. சூப்பு இருக்கு, சூடு பண்றேன்."

ஒதீலியா ஷூவைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.